மாநகர் மன்றக் கூட்டத்துக்கு நாமும் போவோம்: பினாங்குத் தீவின் தமிழர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலுள்ள கோயில் நிர்வாகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் குழுக்கள் எல்லாவற்றின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்கத் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் குடியிருக்கிறேன். எங்கள் புளோக்கில் இன்னும் என்னை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால், கிளினிக்குக்குப் போகிறார்களோ இல்லையோ, முதலில் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அந்த உரிமையில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. மாநகர் மன்றத்தின் மாதக் கூட்டத்துக்கு உங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேரை அனுப்புங்கள். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவதற்காகக் கேட்கவில்லை. மாதா மாதம் போக வேண்டும். ஏன் கேட்கிறேன் என்று சொல்ல, எங்கள் நாலாவது மாடிப் பையனிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

போன ஆண்டுப் பள்ளி விடுமுறையில் அந்தப் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. பதினோரு வயது. மூன்று நாள் அனலாய்க் கொதித்தான். நாலாம் நாள் காலையில் அவன் அம்மா ஓடி வந்து, "மிஸ்ஸி, காய்ச்சல் விட்டிருச்சு, கஞ்சி வெச்சிருக்கேன்" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. டெங்கு என்றும் சொல்லும் டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அந்தச் சமயத்தில்தான். போய்ப் பார்த்தேன். கைகால் சில்லிட்டிருந்தது. வயிறு வலிக்கிறது என்றான். எழுந்து நிற்கத் தெம்பில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். ஆறு நாள் கழித்துப் பாதி உடம்பாய் வீடு வந்து சேர்ந்தான். இதைப் படிக்கும் தாய்மார்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை சோர்ந்து படுத்தால், வாந்தி நிற்காவிட்டால், வயிறு வலித்தால், பப்பாளி இலைச் சாற்றை நம்பி ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

அதே மாதத்தில் எங்கள் புளோக்கில் இன்னும் இரண்டு பேருக்கு டிங்கி வந்தது. ஒரு மாலை கொசு மருந்து அடிக்க ஆட்கள் வந்தார்கள். வழக்கம்போல ஆளாளுக்குச் சன்னலை இழுத்துச் சாத்தினார்கள். சோற்றிலும் துணியிலும் வாடை ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ வீட்டுக்குள்தான் இருக்கும், தொங்கும் துணிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில். புகை அங்கே போய்ச் சேர வேண்டுமானால் சன்னல் திறந்திருக்க வேண்டும். படியேறிப் படியேறிச் சொன்னேன், சில பேர்தான் கேட்டார்கள். அப்படியே எல்லோரும் கேட்டிருந்தாலும், அந்தப் புகை கொல்வது பறக்கும் கொசுவை மட்டும். பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்த நிலையிலேயே பல மாதம் கிடக்கும். ஒரு மழை பெய்து நனைந்தால் புழுவாகி, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். அதனால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் எத்தனை முறை மருந்தடித்தாலும் நாம் திரும்பத் திரும்பத் தொடங்கிய இடத்துக்கே வருகிறோம்.

பையனின் அப்பாவும் நானும் மொட்டை மாடிக் கதவின் சாவியை வாங்கிக்கொண்டு மேலே ஏறினோம். கூரை ஓரத்துச் சிமெண்டுக் கால்வாய் ஓரிடத்தில் தாழ்ந்து போயிருந்தது. மூன்று விரல் ஆழத்துக்குத் தண்ணீர். உற்றுப் பார்த்தால் அது முழுக்கப் புழுக்கள், நெளிந்துகொண்டிருந்தன. கீழே குப்பை அறைக்குப் பின்னால் யாரோ கழற்றிப் போட்ட கழிவறைத் தொட்டி ஒன்று கிடந்தது. அதிலும் அப்படித்தான். தொட்டியை அன்றைக்கே கவிழ்த்துவிட்டோம். கூரைக் கால்வாயைப் பற்றி மூன்று ஆண்டுகளாகக் கட்டட நிர்வாகத்திடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். காசு இல்லை, பாதி வீட்டுக்காரர்கள் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதில்லை என்பது அவர்கள் பதில். அதுவும் பொய்யில்லை. கட்டாதவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

சரி, இந்தத் தண்ணீரை யார்தான் அகற்ற வேண்டும்? விசாரித்து விசாரித்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். டிங்கி கண்டவரின் விவரம் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போகும். அது மத்திய அரசின் சுகாதார அமைச்சைச் சேர்ந்தது. தீவில் தீமோர் லாவுட், பாராட் டாயா என்று இரண்டு மாவட்டங்கள் இருப்பதால் அலுவலகமும் இரண்டு. குப்பை, லோங்கான் என்று நாம் சொல்லும் வீட்டோரத்துச் சாக்கடை, சாப்பாட்டுக் கடைகளின் சுத்தம் எல்லாம் மாநகர் மன்றத்தின் வேலை. 2007-ல் வந்த திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்றுக்கொள்ளவில்லை, அதனால் இங்கே குப்பை அள்ளுவது இன்றும் மன்றத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. ஆறும் பெரிய வடிகாலும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு. அடுக்குமாடியின் கூரை, தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி எல்லாம் கட்டட நிர்வாகக் குழுவுக்கு. ஆனால் அந்தக் குழுவைக் கண்காணிக்க வேண்டிய கட்டட ஆணையர் உட்கார்ந்திருப்பது மாநகர் மன்றத்தில். பழுது பார்க்க வசதியில்லாத மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு, செலவில் 80 விழுக்காடு வரை மாநில அரசு ஏற்கும் பராமரிப்பு நிதித் திட்டம் ஒன்றும் பினாங்கில் உண்டு. இது தெரியாமல் எத்தனை புளோக்குகள் ஒழுகும் கூரையோடு இருக்கின்றனவோ! வீட்டு வளாகத்தில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டாலோ, நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 வெள்ளி வரை தண்டம் நம் தலையில் விழும்.

மூன்று விரல் தண்ணீருக்கு இத்தனை வாசல்கள். இவற்றில் பெரும்பாதி ஏதோ ஒரு வகையில் மாநகர் மன்றத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மன்றத்தின் சுகாதாரப் பிரிவுக்கு எவ்வளவு பணம், எந்த வட்டாரத்து லோங்கானை முதலில் உடைத்துக் கட்டுவது, குப்பை லாரி வாரத்துக்கு எத்தனை தடவை என்ற கணக்கெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அதனால்தான் அந்தக் கூட்டத்தை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

டிங்கி நம் தீவுக்குப் புதிதில்லை. மலாயாவில் இந்தக் காய்ச்சல் முதன்முதலாகப் பதிவானதே 1902-ல், பினாங்கில். ரத்தக் கசிவோடு வரும் கடுமையான டிங்கி இந்த நாட்டில் முதலில் அறியப்பட்டதும் 1962-ல் இதே பினாங்கில்தான். 2019-ல் நாடு முழுக்க 130,101 பேருக்கு டிங்கி கண்டது, 182 பேர் இறந்தார்கள். வார்டில் வேலை பார்த்தவளுக்கு அந்த 182 வெறும் எண்ணாகத் தெரியாது. ஒவ்வொன்றும் ஒரு கட்டில், கட்டிலோரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு குடும்பம்.

நகராட்சிக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். இந்த நாட்டில் நகர நிர்வாகமும் சுகாதாரமும் அந்தக் காலத்திலிருந்தே சேர்ந்து வந்தவை. கோலாலம்பூரில் 1890-ல் முதல் நகர நிர்வாகம் அமைந்தபோது அதற்கு வைத்த பெயர் சானிட்டரி போர்டு, அதாவது சுகாதார வாரியம். 1901-ல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியா மக்களை வாரிக்கொண்டு போவதைப் பார்த்தார். கொய்னா மாத்திரையோடு நிற்காமல், சதுப்பு நிலத்தை வடிகால் வெட்டி வற்ற வைக்க வேண்டும், நகரைச் சுற்றியிருந்த காட்டை அழிக்க வேண்டும் என்று நிர்வாகத்தை வலியுறுத்தினார். வேலை நடந்தது, மலேரியா மளமளவென்று குறைந்தது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் மலேரியாவுக்குப் பலியானவர்களில் நம் பாட்டன் பாட்டிமார் எத்தனையோ பேர். வடிகாலை எங்கே வெட்டுவது என்று யாரோ ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள், அந்த முடிவில் நம் உயிர் இருக்கிறது. அன்று அந்த மேசைக்குப் பக்கத்தில் நம்மை யாரும் விட்டிருக்க மாட்டார்கள். இன்று நிலைமை அப்படி இல்லை.

பினாங்கின் கதை இன்னும் பெருமையானது. 1951 டிசம்பரில் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் நடந்தது ஜார்ஜ்டவுனில். 1956-ல், உறுப்பினர்கள் எல்லோருமே தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நகராட்சி என்ற பெயரும் அதற்கே கிடைத்தது. 1957 ஜனவரி 1-ல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது முதல் மேயராக உட்கார்ந்தவர் டி.எஸ். ராமநாதன், நம்மவர். அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, பழைய ஸ்காட் ரோடு. அந்தச் சாலையில் தினமும் போகும் நம் பிள்ளைகளிடம் ராமநாதன் யார் என்று கேட்டுப் பாருங்கள். 1965-ல் இந்தோனேசியாவுடனான மோதலின்போது உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவற்றை மீண்டும் நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன், அவரும் நம்மவர்தான். அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு அரசு தேர்தலைத் திரும்பக் கொண்டுவர எடுத்த முயற்சியும் 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் நின்று போனது.

ஆகவே இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. மேயரைத் தவிர, எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருக்கலாம். அந்தந்தச் சமூகத்தின் நலனுக்காகப் பேசத் தகுதியுள்ளவர்களையும் நியமிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நாம் ஓட்டுப் போட முடியாத இடம் அது, உண்மை. ஆனால் அதே 1976 சட்டத்தின் 23-ஆவது பிரிவை நம்மில் அதிகம் பேர் படித்ததில்லை. உள்ளாட்சி மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது அது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய, நம்மைத் தடுக்க முடியாது. குழுக் கூட்டங்களுக்கு மட்டும் இது பொருந்தாது, குழு விரும்பினால்தான் திறக்கலாம். சுகாதாரம் பற்றிய நுணுக்கமான பேச்செல்லாம் குழுக்களில்தான் நடக்கும் என்பதால் இது ஒரு பெரிய குறை. அதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் திறந்திருக்கும் முழு மன்றக் கூட்டத்துக்கே ஒரு தடவையும் போகாத நாம், மூடியிருக்கும் அறையைத் திறக்கச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது?

பையனின் அப்பாவும் நானும் போனோம். முதல் நாள் தொலைபேசியில் கேட்டு, நேரம் தெரிந்துகொண்டு போனோம். பாடாங் கோத்தா லாமா திடலைப் பார்த்தபடி, கடலோரம் நிற்கும் வெள்ளை நிற நகர மண்டபத்தை எல்லோருக்கும் தெரியும். 1903-ல் கட்டிய கட்டடம். அதன் முன்னால் நின்று படம் எடுக்காத குடும்பம் இல்லை. உள்ளே போனவர்கள்தான் குறைவு. எனக்குக் கால் தயங்கியது, சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற ஒரு தாதிக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். யாரும் கேட்கவில்லை. உட்கார இடம் கிடைத்தது. பேச்செல்லாம் மலாயில் நடந்தது. வேலை பார்த்த காலத்தில் பழகிய மொழி என்பதால் எனக்கு முக்கால்வாசி புரிந்தது.

பார்க்க வந்தவர்களுக்கு அங்கே பேச உரிமை இல்லை. கேட்கத்தான் முடியும். "அப்புறம் எதுக்கு மிஸ்ஸி போறது?" என்று திரும்பி வரும்போது அவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் அந்தக் கூட்டத்திலேயே கிடைத்திருந்தது. ஓர் உறுப்பினர் ஒரு வட்டாரத்து லோங்கானைப் பற்றிப் பேசினார். எந்தச் சந்தில், எந்த வீட்டுக்குப் பின்னால், எப்போதிலிருந்து அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேதியோடு பேசினார். அந்த விவரத்தை அவர் கையில் யாரோ கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அந்தச் சந்துக்காரர்கள் அங்கே வரவில்லை, ஆனால் அவர்கள் பேச்சு வந்திருந்தது. எங்கள் கூரைக் கால்வாயைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை. யாரிடமும் நாங்கள் கொடுக்கவே இல்லையே! மூன்று ஆண்டுகளாகக் கட்டட அலுவலகத்துக் கவுண்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தோம்.

கொசுவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் நம்மவர்களை அதிகம் சாய்ப்பது கொசு இல்லை. இனிப்பு நீர். 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். கிளினிக்கில் நான் கட்டுப் போட்ட கால் புண்களுக்குக் கணக்கில்லை. விரல் போய், பாதம் போய், முழங்கால் வரை போனவர்களைத் தெரியும். "நடங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று வாய் ஓயாமல் சொன்னேன். ஒரு நாள் ஓர் அம்மா திருப்பிக் கேட்டார்: "எங்கம்மா நடக்கறது? வாசல்ல இறங்கினா கார், அந்தப் பக்கம் மோட்டார், ரோட்டோரம் லோங்கான்ல பாதி மூடியைக் காணோம். ஏழு மணிக்கு மேல விளக்கும் இல்ல." என்னிடம் பதில் இல்லை. அவருக்கு நான் எடுத்துக் கொடுத்த மாத்திரைகளைவிட, ஒரு நடைபாதையும் நாலு விளக்கும் அதிகம் உதவியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நடைபாதை, விளக்கு, லோங்கான் மூடி, பூங்கா எல்லாம் மருத்துவமனையில் முடிவாகும் காரியங்கள் இல்லை. எந்த நிலத்தில் என்ன கட்டலாம், எங்கே திடலாகவே விட வேண்டும் என்று சொல்லும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று திட்டமிடல் சட்டம் சொல்கிறது. அப்படி வைக்கும்போது உங்கள் சங்கத்திலிருந்து யாராவது போய்ப் பார்த்ததுண்டா? உங்களைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. நானும் என் வேலைக் காலம் முழுக்கப் போனதில்லை.

நமக்குக் கூடிச் செய்யத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதை நெடுகப் பந்தல் போடுகிறோமே, அதைப் பாருங்கள். எத்தனை மாதம் முன்பே கூட்டம் போடுகிறோம்! அனுமதி வாங்க ஒருவர், அரிசி பருப்புக்கு ஒருவர், ராத்திரி முழுக்க மோர் ஊற்ற முறை வைத்து ஆட்கள், மறுநாள் இடத்தைக் கூட்டிப் பெருக்க ஒரு கூட்டம். லட்சக்கணக்கில் வருகிறவர்களுக்குத் தாகம் தீர்க்கிறோம். அந்தத் திறமையில் நூற்றில் ஒரு பங்கு போதும், மாதம் இரண்டு பேரை ஒரு கூட்டத்துக்கு அனுப்ப.

எப்படிச் செய்யலாம் என்று எங்கள் புளோக்கில் நாங்கள் தொடங்கியதைச் சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தத் தேதியில் பார்த்தோம், யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது என்று எழுதுகிறோம், கைப்பேசியில் படமும் எடுத்து வைக்கிறோம். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு காலையில், பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து புளோக்கைச் சுற்றி வருகிறோம். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் கவிழ்க்கிறோம். நம்மால் முடிந்ததை நாமே முடித்துவிட்டு, முடியாததை மட்டும் எழுதிக் கொடுக்கும்போது அந்தக் கடிதத்துக்கு ஒரு கனம் வருகிறது. கடிதத்தை மலாயில் எழுத நாலாம் படிவம் படிக்கும் என் பேத்தி உதவுகிறாள். ஒரு பிரதி கட்டட நிர்வாகத்துக்கு, ஒன்று கட்டட ஆணையருக்கு, ஒன்று எங்கள் வட்டாரத்தைக் கவனிக்கும் மன்ற உறுப்பினருக்கு. கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீடுகளுக்கு நானே போய்ப் பேசினேன். முழுசாகக் கட்ட முடியாதவர்கள் மாதம் இருபது, முப்பது வெள்ளியாகத் தீர்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கூரைக் கால்வாய் இன்னும் சரியாகவில்லை. ஆனால் பராமரிப்பு நிதிக்கு மனுப் போயிருக்கிறது. மூன்று ஆண்டில் நடக்காத காரியம் அது.

உங்கள் வட்டாரத்துக்கு என்று சில கேள்விகளைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு நம் பகுதியில் எத்தனை டிங்கி? எத்தனை முறை மருந்தடித்தார்கள், எத்தனை முறை புழுவைத் தேடி வந்தார்கள்? புழுவைத் தேடி வந்த எண்ணிக்கை மருந்தடித்த எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். கேட்டும் தகவல் கிடைக்காவிட்டால், பினாங்கில் 2015 முதல் தகவல் சுதந்திரச் சட்டம் நடப்பில் இருக்கிறது. மாநில அரசிடமும் மன்றத்திடமும் முறைப்படி விண்ணப்பிக்கலாம். இன்னொன்று, அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் இந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தயாராகிவிடும். டிசம்பரில் போய்க் கேட்டால் பணம் எல்லாம் பங்கு பிரித்து முடிந்திருக்கும். ஆண்டின் நடுவிலேயே நம் கடிதங்கள் போய்ச் சேர வேண்டும்.

வேலை நாளில் கூட்டம் நடந்தால் யார் போவது என்று கேட்பீர்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களை நான் கேட்கவில்லை, அவர்கள் தூங்கட்டும். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறோம். ஆசிரியர்களாக இருந்தவர்கள், துறைமுகத்தில் கணக்கு எழுதியவர்கள், பொதுப்பணித் துறையில் மேற்பார்வையாளர்களாக இருந்தவர்கள், மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகிறவர்கள் ஒவ்வொரு கோயிலின் முன் மண்டபத்திலும் மாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். கூப்பிட ஆளில்லாமல் காத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் இருந்தேன். கூடவே இளைஞர் ஒருவரையும் அனுப்புங்கள், கல்லூரி விடுமுறையில் இருக்கிற பிள்ளையாக இருந்தாலும் சரி. கூட்டம் முடிந்ததும் என்ன பேசினார்கள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, உங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடச் சொல்லுங்கள். மாநகர் மன்றத்தில் என்ன நடக்கிறது என்று நம் மொழியில் மாதம் ஒரு பக்கம் வந்தால், நாலாவது மாடி அம்மாவும் அதைப் படிப்பார்.

இது கட்சிக்காரர்கள் வேலை என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. கட்சிக்காரர்களும் வரட்டும், நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கு இரண்டு தடவை மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி கட்டுவது கட்சியா, நாமா? வாடகைக்கு இருக்கிறவர்கள் தாங்கள் கட்டவில்லை என்று நினைக்க வேண்டாம், உங்கள் வாடகைக்குள் அதுவும் இருக்கிறது. இந்தக் கோரிக்கையில் இனமும் இல்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றில் மூன்றாவது மாடிச் சீனப் பாட்டியும் ஐந்தாவது மாடி மலாய்க்காரத் தம்பியும் வருகிறார்கள். உங்கள் புளோக்கிலும் அப்படியே கூப்பிடுங்கள். தமிழில் எழுதுவது, நம்மவர்களைத்தான் எனக்கு உரிமையோடு கடிந்துகொள்ள முடியும் என்பதால்.

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் நாலு பேர் போகிறோம். தேதி உறுதியானதும் எங்கள் புளோக் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன், நீங்களும் மன்றத்துக்குத் தொலைபேசியில் கேட்டு உங்கள் சங்கத்தில் சொல்லுங்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து 204-ஆம் எண் பஸ் எடுத்து ஜெட்டியில் இறங்கினால், அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள், குடையும் வேண்டும். கூட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்பே, திடலைப் பார்த்த பக்கத்துப் படிக்கட்டில் நீல நிறச் சேலையில் ஒரு கிழவி நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருப்பாள். 'மிஸ்ஸி' என்று கூப்பிடுங்கள், சேர்ந்தே உள்ளே போகலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தாதி ஒருவர்
ஆயர் ஈத்தாம், பினாங்கு